குரல் பத்திரமாக உள்ளது

டிரைவரின் மனைவிக்கு வாய் அதிகம் என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்த விஷயம். ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். பகல் முழுக்க அடுத்தவர் சொல்வதை வாய் திறக்காமல் அடித்துத் தள்ளிவிட்டு, சாயங்காலம் வீட்டுப்படி ஏறியதும் அன்றைக்குப் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேசித் தீர்ப்பாள். டவுன் பஸ் ஓட்டுகிற டிரைவர், ரோட்டில் ஹாரனிலிருந்து தப்பித்து வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு ஹாரன் என்று டிப்போவில் சொல்லிச் சிரிப்பார். ஒருநாள், ஒரே ஒருநாளாவது இந்த வீடு அமைதியாக இருக்கக் கூடாதா என்று வாய்விட்டுக் கேட்டதும் உண்டு. மனுஷன் எத்தனையோ கேட்கிறான், எதுவும் நடப்பதில்லை. இதுமட்டும் நடந்தது.

தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்தாக வேண்டும், எடுத்தால் உயிர் இருக்கும், குரல் இருக்காது என்று டாக்டர் சொன்னார். அவள் அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. "உயிர எடுத்துக்கிட்டு குரல விடுற மாதிரி ஏதாவது இருக்கா டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்தார். டிரைவருக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது.

அந்தப் பெரிய மருத்துவமனையில் உருப்படியான ஒரு காரியமும் நடந்துகொண்டிருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாம் மாடிக் கோடியில் பேச்சுப் பயிற்சிப் பிரிவு என்று ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகளை உட்காரவைத்து, நூற்றுக்கணக்கான வாக்கியங்களைப் படிக்கச்சொல்லிக் குரலைப் பதிந்துகொள்வார்கள். அந்தக் குரலை ஒரு கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். அப்புறம் உள்ளங்கை அளவு கருவி ஒன்றில் அதை ஏற்றித் தருவார்கள். எழுத்தை அழுத்தினால் கருவி நம் குரலிலேயே பேசும். இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கென்று நல்ல மென்பொருள் இருந்ததால், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அதைப் போட்டு இத்தனையும் செய்துவந்தவர் அங்கிருந்த பயிற்சி மேடம். நல்லவர். நல்லவர் என்பதால் அவருக்கு மேலே நிறையப் பேர் இருந்தார்கள்.

டிரைவரின் மனைவி மூன்று நாள் படித்தாள். கொடுத்த வாக்கியங்களெல்லாம் 'காலை வணக்கம், இன்று வானிலை நன்றாக உள்ளது' ரகம். இதையெல்லாம் எந்தப் பொம்பளை வீட்டில் பேசுகிறாள் என்று கேட்டுவிட்டு, "ஈரத் துண்ட கட்டில்ல போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது", "யாரு போன்ல, எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பேசுறீங்க", "சாப்பிட்டீங்களா" என்று தன் சரக்கையும் சேர்த்துக்கொண்டாள். மேடம் நிறுத்தவே இல்லை. "சொல்லுங்கக்கா, இதுதான் அதிகமா வேணும்" என்று எல்லாவற்றையும் பதிந்துகொண்டார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கருவியும் கைக்கு வந்தது. அவள் குரல் தயாராகும்வரை கம்பெனிக்காரன் போட்டுக்கொடுத்த குரல்தான் என்றார்கள். அது ஒரு ஆணின் குரல். துக்கச் செய்தியும் வானிலையும் வாசித்துப் பழகிய குரல். அவள் 'சாப்பிட வாங்க' என்று அழுத்தினால், "தாங்கள் உணவருந்த வரலாம்" என்பது போல் ஒரு மிடுக்கோடு அது கூப்பிடும். டிரைவர் முதல்நாள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றே சாப்பிட்டார். வெளியூரில் இருந்த மகள் போன் பண்ணியபோது, 'என்னடி இளைச்சுட்டியா' என்று அவள் அழுத்த, யாரோ ஆம்பளை தன்னை டி போட்டுப் பேசுகிறான் என்று மகள் பதறிப்போய் லைனைத் துண்டித்தாள். அப்புறம் விஷயம் தெரிந்து அழுதாள். அன்றோடு டிரைவரின் மனைவி கருவியை அலமாரியில் வைத்துவிட்டாள். அவசரத்துக்கு மட்டும் எடுப்பாள். போனில் பழைய குரல் ஏதாவது இருக்குமா என்று டிரைவர் தேடிப்பார்த்தார். 'கேஸ் தீந்துபோச்சு' என்ற ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ்தான் இருந்தது. பஸ்ஸை டிப்போவில் போட்டுவிட்டு, சீட்டில் சாய்ந்துகொண்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார். அதை வைத்துக் குரல் செய்ய முடியாது, மணிக்கணக்காகப் படித்தது வேண்டும் என்று மேடம் முன்னமே சொல்லியிருந்தார்.

ஆக, அவள் குரல் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. இரண்டாம் மாடிக் கோடியில், அந்தப் பழைய கம்ப்யூட்டரின் வயிற்றில்.

டிரைவர் அதை வாங்கப் போன அன்று மேடத்தின் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு நின்றிருந்தது. பாஸ்வேர்டு கேட்டு ஒரே ஒரு வரி, அதற்குப் பக்கத்தில் கண்சிமிட்டும் ஒரு கோடு.

"பூட்டிட்டாங்கண்ணா" என்றார் மேடம்.

"யாரு?"

"நாங்கதான்."

நடந்தது இதுதான். வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ ஆஸ்பத்திரியில், எவனோ ஒரு லேப்டாப்பைத் திருடிக்கொண்டு போய்விட்டானாம். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து இங்கே மருத்துவமனை இயக்குநருக்குத் தூக்கம் இல்லை. தகவல் காப்புப் பிரிவு என்று ஒன்று உருவானது. அதற்கு ஓர் அதிகாரி வந்தார், அதிகாரிக்கு ஏசி அறை வந்தது, அறை வந்துவிட்டதால் வேலையும் வந்தாக வேண்டியிருந்தது. லினக்ஸ் கம்ப்யூட்டர் மொத்த மருத்துவமனையிலும் இது ஒன்றுதான். எனவே முதல் பூட்டு இதற்கே என்று கமிட்டி கூடியது.

காப்பு அதிகாரி படம் போட்டு விளக்கியிருக்கிறார். நோயாளிகளின் கோப்புகள் இருக்கிற பகுதியை மட்டும் பூட்டலாம். மொத்த டிஸ்க்கையும் பூட்டலாம். சாவியை கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு சிப்பில் வைத்துவிட்டால், தன் பெட்டி என்று தெரிந்து அதுவே திறந்துகொள்ளும். இல்லையென்றால் சாவியை ஒரு பென்டிரைவில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் இன்ன சௌகரியம், இன்ன ஆபத்து என்று அவர் சொல்லி முடித்ததும் இயக்குநர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதானாம்.

"இதுல எது பெரிசு?"

"மொத்த டிஸ்க்தான் சார்."

"அப்ப அதையே போடுங்க. நம்ம மருத்துவமனையில எதையும் பாதி செஞ்சு பழக்கம் இல்ல."

பூட்டுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று மேடம் கேட்டிருக்கிறார். "நகல் எடுத்தா திருடனுக்கு ரெண்டு வாய்ப்பு குடுக்கிறோம்னு அர்த்தம்" என்று காப்பு அதிகாரி சொல்ல, கமிட்டி மேஜையைத் தட்டி ஆமோதித்தது. எட்டு சாவிவரை வைத்துக்கொள்ள வசதி உண்டு, உபரியாக ஒன்றாவது போடலாமே என்றும் மேடம் கேட்டிருக்கிறார். "ஒரே மருத்துவமனை, ஒரே சாவி" என்று இயக்குநர் எழுந்து நின்றே அறிவித்துவிட்டார். அந்தச் சாவியை, அதாவது பாஸ்வேர்டை, தன் கையாலேயே அடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்று, கேமரா முன்னால் அடித்தும் முடித்தார்.

"அது என்ன பாஸ்வேர்டுன்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

"தெரியாம என்னண்ணா? கீழ வாசல்ல எழுதியிருக்கே."

டிரைவர் இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மருத்துவமனை வாசலில், ஆள் உயர எழுத்தில், 'நோயாளியின் நலமே எங்கள் உயிர்மூச்சு' என்று எழுதியிருந்தது. மறந்துபோகாத வாசகமாக இருக்கவேண்டும் என்பதற்காக இயக்குநர் தேர்ந்தெடுத்தது அது. வாட்ச்மேனுக்குத் தெரியும், பார்க்கிங்கில் டோக்கன் கிழிப்பவனுக்குத் தெரியும், ஆம்புலன்ஸில் படுத்தவாக்கில் உள்ளே போகிறவனும் ஒருதடவை படித்துவிட்டுத்தான் போவான்.

"பின்ன என்ன மேடம், அடிச்சுத் திறந்துர வேண்டியதுதானே?"

அடிக்க முடியாது. அங்கேதான் வினை. இயக்குநர் வாசகத்தை நம் எழுத்திலேயே அடித்திருந்தார், அப்போது கம்ப்யூட்டர் விழித்திருந்தது, நம் எழுத்து அதற்குத் தெரிந்திருந்தது. பூட்டு விழுந்து மறுபடி போட்டால், பாஸ்வேர்டு கேட்கிற அந்தக் கறுப்புத் திரை அரைத்தூக்கத்தில் எழுந்த ஆள் மாதிரி. அதற்கு இங்கிலீஷ் எழுத்துத் தவிர வேறெதுவும் தெரியாது. நம் எழுத்தைப் புரிந்துகொள்கிற பகுதி பூட்டுக்கு அந்தப்பக்கம் உள்ளே இருக்கிறது. திறந்தால்தான் அது வெளியே வரும், அது வந்தால்தான் திறக்கலாம். ஊருக்கே தெரிந்த சாவி, ஆனால் துவாரத்துக்குள் நுழையாது. டிரைவர் கறுப்புத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர்கள் யாரும் ஒருதடவை அணைத்துப் போட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்க நினைத்தார். மேடத்தின் கண் கலங்கியிருந்ததால் கேட்கவில்லை.

காப்பு அதிகாரியின் அறைக்குள் போவதற்கே கையெழுத்து, போட்டோ, கைரேகை எல்லாம் ஆயின. உள்ளே குளிர் எலும்பில் இறங்கியது. ஆள் சிறுவயசுதான், பேச்சு மட்டும் ரிட்டயர் ஆன ஜட்ஜ் மாதிரி.

"உக்காருங்க. உங்க வீட்டம்மா குரல் பத்திரமா இருக்கு. அதுல எந்தச் சந்தேகமும் வேணாம்."

"சந்தோசம் சார். அத எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா..."

"எடுக்கிறது வேற, பத்திரம் வேற."

"இத யாராலயும் திறக்க முடியாதா சார்?"

அதிகாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் முடியாது? பத்து நிமிஷ வேலை. ஒரு பென்டிரைவ்ல இன்னொரு லினக்ஸ் போட்டு அத வச்சு கம்ப்யூட்டர எழுப்பினா, அதுல நம்ம கீபோர்டு இருக்கும். வாசகத்த அடிச்சா தெறந்துக்கும். இதுகூடத் தெரியாமலா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்?"

டிரைவருக்கு அந்தக் கணம் உயிர் திரும்பி வந்தது. "அப்ப அதச் செஞ்சிரலாமே சார்!"

"செய்யலாம். ஆனா பென்டிரைவ் போடற துவாரத்த எல்லாம் பசை ஊத்தி அடைச்சிருக்கோம். என் உத்தரவுதான்."

"உங்க உத்தரவுதானே சார், நீங்களே..."

"இப்படிப் பாருங்க." அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் இதத் தெறந்து காட்டினேன்னு வைங்க. அப்ப என்ன நிரூபணம் ஆகுது? தெறக்கலாம்னு நிரூபணம் ஆகுது. தெறக்கக்கூடிய ஒண்ண பாதுகாப்புன்னு நான் எப்படி எழுதுவேன்? இந்தப் பிரிவு ஆரம்பிச்சு இதுவரைக்கும் ஒரு தகவல்கூட வெளிய போகல. டாக்டர்களுக்கே போகலேன்னா பாத்துக்குங்க. அந்தப் பேர ஒரே நாள்ல கெடுத்துக்கச் சொல்றீங்களா?"

டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதிகாரிக்கும் மனசு இருந்திருக்க வேண்டும், ஒரு வழி சொன்னார். குரலுக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து கேட்டால் பரிசீலிக்கலாம். வேறு யாராவது ஏமாற்றி வாங்கிவிடக்கூடாது என்பதால், அவர் தன் சொந்தக் குரலில் வாய்மொழியாகக் கேட்க வேண்டும். விதி அப்படி.

மறுநாளே மனைவியை அழைத்துக்கொண்டு போனார். அவளுக்கு அந்தக் கருவியை வெளியிடத்தில் எடுக்கவே பிடிக்காது. இருந்தும் எடுத்தாள், அழுத்தினாள். "எனது குரலைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று வானிலைக்காரன் கணீரென்று சொன்னான்.

அதிகாரி தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது உங்க குரல் இல்லையேம்மா. ஆம்பளக் குரலா இல்ல இருக்கு?"

"அவ குரல் உங்ககிட்ட உள்ள இருக்கு சார்" என்றார் டிரைவர்.

"அதத்தானே நாங்க பாதுகாக்கிறோம்" என்றார் அதிகாரி, இதைக்கூடப் புரியாத ஜனங்களா என்ற வருத்தத்தோடு.

வெளியே வந்ததும் அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கருவியில் வேகமாக ஏதோ அழுத்தினாள். டைப்பிஸ்ட் கை, பொரிந்து தள்ளியது. "இவன் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்" என்று வானிலைக்காரன் மரியாதையாக அறிவித்தான். வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருந்த காலத்தில் இவள் முன்னால் இந்த அதிகாரி ஐந்து நிமிஷம் தாக்குப்பிடித்திருக்க மாட்டான் என்று டிரைவர் நினைத்துக்கொண்டார். 

அதற்கப்புறம் அவர் நடையாய் நடந்தார். ஷிப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடே வந்து வராந்தாவில் நிற்பார். மருத்துவமனையிலிருந்து திங்கட்கிழமைதோறும் அவர் போனுக்குத் தானாக ஒரு செய்தி வர ஆரம்பித்தது. 'மதிப்பிற்குரிய பயனாளியே, தங்கள் குரல் பத்திரமாக உள்ளது.' செவிடன் காதில் சங்கு ஊதுவதைத்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே சங்கே வாராவாரம் இவர் காதில் வந்து ஊதிவிட்டுப் போனது.

மேடம் தன்னாலானதைச் செய்து பார்த்தார். மேலிடத்துக்கு எழுதினார், நேரில் போனார், ஒருநாள் இயக்குநர் லிப்டில் ஏறும்போது கூடவே ஏறி ஐந்து மாடி விளக்கினார். பசையை ஒரு ஊசியால் சுரண்டினால் போதும் சார் என்றார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க உணர்ச்சிபூர்வமா பேசுறீங்க, நாங்க அமைப்பா யோசிக்கிறோம்" என்று சொல்லி இறங்கிப்போனார்.

இப்படி இருக்கும்போதுதான் வெளியிலிருந்து தணிக்கையாளர் ஒருவர் வந்தார். மருத்துவமனைக்குத் தகவல் பாதுகாப்புச் சான்றிதழ் கிடைக்கவேண்டும் என்றால் அவர் திருப்தியடைய வேண்டும். பேச்சுப் பிரிவு கம்ப்யூட்டர் முன்னால் அவரை உட்காரவைத்தார்கள். அவர் என்னென்னவோ தட்டிப்பார்த்தார், அது திறக்கவில்லை. "அபாரம்" என்றார். இயக்குநரின் வாய் காதுவரை போயிற்று. ஆனால் தணிக்கையாளர் சாப்பிட்டுவிட்டு வாசலில் காலாற நடந்தபோது சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டார். அதுதான் சார் பாஸ்வேர்டு என்று வாட்ச்மேன் பெருமையாகச் சொல்லிவைத்தார். பாஸ்வேர்டு ஆள் உயரத்தில் பகிரங்கமாக எழுதப்பட்டுள்ளது, இது கடுமையான குறைபாடு என்று குறித்துக்கொண்டார்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. சுவரை அழித்துவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். பெரிய மனிதர் ஒருவர் திரை விலக்கித் திறந்துவைத்த வாசகம், அதில் ஓர் எழுத்தின் கொம்பில்கூடக் கை வைக்க முடியாது. பாஸ்வேர்டை மாற்றலாமா என்றால், மாற்றுவதற்குத் திறக்க வேண்டும், திறந்தால் திறக்கலாம் என்று ஆகிவிடும். கடைசியில் காப்பு அதிகாரி எழுந்தார். அன்று அவர் பேசியதை மேடம் வார்த்தை மாறாமல் டிரைவரிடம் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு மேடத்தைக் கூப்பிடவில்லை.

"சாவி இருக்கிற வரைக்கும்தான் திருட்டு பயம்" என்றார் அதிகாரி. "டிஸ்க்ல சாவிக்குன்னு ஒரு சின்ன இடம் இருக்கு. அத மட்டும் அழிச்சுட்டா, அப்புறம் வாசகம் தெரிஞ்சாலும் பிரயோஜனம் இல்ல. சுவர்ல என்ன எழுதியிருந்தா நமக்கென்ன? தகவல் ஒண்ணும் அழியாது. அப்படியே உள்ள இருக்கும். யாராலயும் எடுக்க முடியாது, அவ்வளவுதான்."

"நம்மாலயும் முடியாதா?" என்று கணக்குப் பிரிவுக்காரர் கேட்டாராம்.

"நாமளும் மனுஷங்கதானே? நம்ம மேல மட்டும் எப்படி நம்பிக்கை வைக்கிறது?"

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவன்கூட வீட்டைவிட்டு வெளியே வந்து நின்றுதான் கொளுத்துவான், கொளுத்திய பிறகு வீடு பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டான். கமிட்டி சொன்னது. ஒருமனதாகச் சொன்னது. இதை ஒரு விழாவாகவே எடுத்து, பயனாளி ஒருவரின் கையாலேயே செய்யவைத்தால் வெளிப்படையாகவும் இருக்கும், படம் எடுக்கவும் நன்றாக இருக்கும் என்றார் இயக்குநர். யாரைக் கூப்பிடலாம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தாரே.

"சாவி நிறைவு விழா" என்று அழைப்பிதழைக் கொடுத்தார் அதிகாரி. "நீங்கதான் முக்கிய விருந்தாளி. பட்டனே நீங்கதான் அழுத்தப் போறீங்க."

"அன்னைக்கு குரல் விஷயம் முடிஞ்சிருமா சார்?"

"அன்னைக்கோட முடிஞ்சிரும்" என்றார் அதிகாரி. பொய் சொல்லவில்லை.

டிரைவர் ஓடிவந்து மனைவியிடம் சொன்னார். அவள் அலமாரியைத் திறந்து கருவியை எடுத்தாள். "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை" என்றது அது. "நீ எப்பவுமே இப்படித்தான், நல்லது நடக்கும்போதுகூட நொட்டை சொல்லுவ" என்று டிரைவர் கோபித்துக்கொண்டார். பிறகு, குரல் வந்ததும் முதலில் என்ன சொல்லுவே என்று கேட்டார். அவள் யோசித்தாள். கட்டிலில் கிடந்த ஈரத் துண்டைக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், அவள் சிரிப்பில் காற்று மட்டும் வந்தது.

விழாவன்று மேடம் ஊரிலேயே இல்லை. நோயாளிகளின் நலன் குறித்த பயிற்சிக்கு வெளியூர் அனுப்பியிருந்தார்கள். அரங்க வாசலில் மனைவியின் கருவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். குரல் சம்பந்தப்பட்ட விழா, பேசுகிற பொருள் எதுவும் உள்ளே போகக்கூடாது என்று உத்தரவு. அவளை முதல் வரிசையில், இரும்பு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டிரைவர் சலவைச் சட்டையோடு மேடை ஏறினார். நடுவில் மேஜை, மேஜையில் மாலை போட்ட அந்தப் பழைய கம்ப்யூட்டர். பின்னால் சுவரளவு திரையில் அதன் முகம் தெரிந்தது.

காப்பு அதிகாரி சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். டிரைவருக்கு உடம்பு சிலிர்த்தது. அதே பென்டிரைவ் வைத்தியம்! கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஒரு துவாரத்தில் பசையைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். தணிக்கையாளர் சிறப்பு அனுமதி கொடுத்திருந்தார். திறக்க அல்ல, அழிக்க. அந்த வித்தியாசம் டிரைவருக்கு எங்கே தெரியும்? பத்து நிமிஷ வேலை என்று அன்றைக்கே சொன்ன மனுஷன் கடைசியில் மனசு இறங்கிவிட்டார் என்றுதான் அவருக்குப் பட்டது. அந்த அதிகாரியை இத்தனை நாள் மனசுக்குள் திட்டியதற்கு வெட்கப்பட்டார்.

இயக்குநர் பேசினார். "இன்று நாம் ஒரு நோயாளியின் குரலை, எந்தத் திருடனும், எந்த ஊழியனும், எந்தக் காலத்திலும் தொட முடியாத உயரத்துக்குக் கொண்டுசெல்கிறோம்." கைத்தட்டல். திரையில் இங்கிலீஷில் சில வரிகள் வந்து நின்றன. அதிகாரி டிரைவரை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"அது ஒரு கேள்வி கேக்குது. பெரிய எழுத்துல ஒய், இ, எஸ் அடிங்க. அடிச்சிட்டு இந்தப் பெரிய பட்டன அழுத்துங்க."

யெஸ். கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டில் சொல்லிப் பழகிய வார்த்தைதான். டிரைவர் குனிந்து ஒய்யைத் தேடினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் நடந்தது அவருக்குத் தெரியாது. மனைவி திரையைப் படித்துக்கொண்டிருந்தாள். வக்கீல் ஆபீசில் வருஷக்கணக்காக இங்கிலீஷ் அடித்தவள். எல்லாச் சாவிகளும் நிரந்தரமாக அழியும், இதற்குமேல் உள்ளே இருப்பதை எந்த விதத்திலும் எடுக்க முடியாது, நிச்சயமா என்று கேட்டிருந்தது கம்ப்யூட்டர். அந்தக் கட்டடத்திலேயே ஒழுங்காகப் பேசியது அது ஒன்றுதான். அவள் எழுந்தாள். வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. தொண்டைத் துவாரத்தில் காற்று சீறியதே தவிர வேறெதுவும் வரவில்லை.

பூச்செண்டோடு நின்ற பெண் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா, எல்லாம் நல்லபடியா முடியுது." அவள் இரும்பு நாற்காலியின் கையை ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். இரண்டு கையாலும் அடித்தாள். பக்கத்தில் இருந்தவர் அவளைப் பார்த்து நெகிழ்ந்துபோய்த் தானும் கை தட்டினார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் தட்டினார்கள். அடுத்த நிமிஷம் அரங்கமே தட்டியது. அவள் அடிக்க அடிக்க அவர்களும் விடாமல் தட்டினார்கள்.

டிரைவர் எஸ் வரைக்கும் அடித்து முடித்திருந்தார். இத்தனை பேர் நமக்காகத் தட்டுகிறார்களே என்று அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. பெரிய பட்டனை அழுத்தினார்.

திரை ஒருதரம் மின்னி அடங்கியது. அவ்வளவுதான். இயக்குநரும் தணிக்கையாளரும் எழுந்து கை குலுக்கிக்கொண்டார்கள். சான்றிதழ் கைமாறியது. டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தார்.

"இப்ப கேக்கலாமா சார்?"

"எத?"

"அவ குரல. தெறந்தாச்சில்ல?"

"உங்க வீட்டம்மா குரல் இப்பதான் முழுசா பத்திரம் ஆயிருக்கு" என்றார் அதிகாரி, அவர் தோளில் கை போட்டுப் படத்துக்குச் சிரித்தபடி. "இனிமே உலகத்துல யாராலயும் எடுக்க முடியாது."

"நாங்க..."

"யாராலயும்னா யாராலயும்தான் அண்ணே. நீங்களேதான அழிச்சீங்க?"

டிரைவர் தன் விரலைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பி முதல் வரிசையைப் பார்த்தார். அவள் அடிப்பதை நிறுத்தியிருந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து மடியில் கிடந்தன. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கோபம் இல்லை, இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது ஏற்புரை. தொகுப்பாளர் மைக்கை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, நேரே அவளிடம் போனார். "இப்பொழுது, இந்த மாபெரும் திட்டத்தின் பயனாளி அம்மா அவர்கள் இரண்டு வார்த்தை பேசுவார்கள்" என்று சொல்லி, மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினார். கைத்தட்டல் அடங்கியது. எல்லோரும் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். டிரைவர் மேடைப்படியில் நின்றுவிட்டார். ஒலிபெருக்கியில் கொஞ்சநேரம் வெறும் காற்றுச் சத்தம் கேட்டது.

பயனாளி மகிழ்ச்சி மிகுதியால் பேச இயலவில்லை என்று விழாக் குறிப்பில் எழுதிக்கொண்டு, அடுத்து தேநீர் என்று அறிவித்தார்கள்.